வால்வு ஆம்ப்ளிஃபையரும் பி பிளாக் எர்த்தும்

(சங்கத்தின் பொங்கல் விழா மாலையில் கம்யூனிட்டி ஹாலில் பேசியது. அச்சுக்காகச் சில இடங்களில் சரிசெய்திருக்கிறேன்.)



பத்து நாள் முன்னால் லிஃப்டில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், வீட்டுல ஏதோ பழைய ரேடியோ செய்யறீங்களாமே, விழாவுல அதைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். ரேடியோ இல்லை, ஆம்ப்ளிஃபையர். கடையில் வாங்கியதும் இல்லை. உதிரி சாமானாக ஒரு பெட்டியில் வந்ததை நானே உட்கார்ந்து கட்டியது. அதோ மேஜைமேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். குழந்தைகள் யாரும் கிட்டே போகவேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க். எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை. அதனால் இன்ஜினீயர்கள் யாராவது முன்வரிசையில் இருந்தால், என் விளக்கத்தில் உள்ள குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசை சின்ன வயசு ஆசை. மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. தேக்குப் பெட்டி, முன்னால் துணி. அதற்கு வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், ரேடியோ கேட்கவும் லைசென்ஸ். ஸ்விட்சைத் திருகினால் உடனே பாட்டு வராது. அரை நிமிஷம் மௌனம். பிறகு பச்சை நிறத்தில் ஒரு கண் மெதுவாக விழிக்கும். மேஜிக் ஐ என்று அதற்குப் பெயர், அதுவும் ஒரு வால்வுதான். கண் விழித்த பிறகுதான் இலங்கை வானொலி பேசும். அந்த அரை நிமிஷம் நாங்கள் நான்கு பிள்ளைகளும் மூச்சு விடாமல் நிற்போம். பிற்பாடு கையடக்க டிரான்சிஸ்டர் வந்தது. அப்பா பழைய பெட்டியைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினார். அந்தக் குடம் இன்னும் என் தம்பி வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

வால்வு என்றால் என்ன? பார்வைக்குச் சின்ன பல்பு மாதிரி இருக்கும். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். நடுவில் கேத்தோடு என்று ஒரு குழாய். அதைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றிலும் பிளேட். அதற்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடும். இதுவரை செய்தவர் இங்கிலாந்தில் ஃப்ளெமிங், 1904-ல். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிச் சல்லடையை வைத்தார். அதுதான் கிரிட்.

கிரிட்டை எங்கள் பிராஞ்ச் வாசலில் இருந்த மடக்கு கேட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒண்ணாம் தேதி, பென்ஷன் நாள். வெளியே இருநூறு பேர். வாட்ச்மேன் கேட்டை ஒரு சாண் இழுத்தால் பத்துப் பேர் உள்ளே வருவார்கள், இரண்டு சாண் இழுத்தால் இருபது பேர். அவர் கை அசைவது ஒரு சாண்தான். உள்ளே வருவது கூட்டம். பாட்டிலிருந்து வரும் மெல்லிய மின்சாரம் கிரிட் என்ற கேட்டை ஆட்டுகிறது. பிளேட் பக்கம் அதே ஆட்டம் பெரிதாக வருகிறது. ஆம்ப்ளிஃபையர் என்பது அவ்வளவுதான்.

1947 கடைசியில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பிறகு வால்வுக்கு மெல்ல மெல்ல வேலை போயிற்று. பெங்களூரில் நம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம்கூட 1960-களில் ரேடியோ வால்வுகள் செய்துகொண்டிருந்தது. இப்போது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று சில இடங்களில்தான் செய்கிறார்கள். கிடார் வாசிப்பவர்களும் என்னைப் போன்ற கிறுக்கர்களும் வாங்குகிறோம்.

என் கிட்டில் மூன்று வால்வுகள். முன்னால் ஒரு 12 ஏ.எக்ஸ்.7. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு, இடது பக்கத்துக்குப் பாதி, வலது பக்கத்துக்குப் பாதி. பின்னால் இரண்டு ஈ.எல்.84. சேனலுக்குச் சுமார் 5 வாட் சத்தம். சுவரிலிருந்து வாங்கிக்கொள்வது ஏறக்குறைய 50 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே 50 வாட்தான், மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. இந்த மாதிரிக் கணக்கில் ஒரு கடன் விண்ணப்பம் வந்திருந்தால் எங்கள் மேனேஜர் திருப்பி அனுப்பியிருப்பார். கிட்டின் விலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த சாமான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஈ.எல்.84 வேலை செய்ய எதிரில் சுமார் 5,000 ஓம் வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். நேராக இணைத்தால் பொருந்தாது. 5,000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆக, ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் ஒரு சுற்று என்று கம்பி சுற்றினால் வால்வின் கண்ணுக்கு 8 ஓம் 5,000 ஓமாகத் தெரியும். பேப்பரில் இதைப் போட்டுப் பார்த்து விடை பைசா பிசகாமல் வந்த ராத்திரி, எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. வங்கியில் லெட்ஜர் டாலி ஆனால் வரும் அதே சந்தோஷம்.

பெட்டி வந்ததும் சாமான் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ரிச்சி ஸ்ட்ரீட் போய் 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கடைக்காரத் தம்பி "யாருக்கு சார், பேரனுக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சால்டர் செய்வது அப்பளம் பொரிப்பது மாதிரி, பார்த்தால் சுலபம். முதல் இருபது இணைப்புகளை ஒரு பழைய போர்டில் செய்து வீணாக்கினேன். ஈயத்தை அயர்னில் உருக்கி மேலே சொட்டக்கூடாது. கம்பியையும் முனையையும் அயர்னால் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓடவேண்டும். ஓடினால் பளபளப்பாக நிற்கும். இல்லாவிட்டால் பார்க்க ஒட்டினமாதிரி இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புகை முகத்தில் படாமல், தினம் காபிக்குப் பிறகு இரண்டு மணி நேரம். மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது குழந்தைகள் ஏன் கிட்டே போகக்கூடாது என்று சொல்கிறேன். உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை டி.சி. ஓடுகிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். ஆனால் ரெசிஸ்டர் வேலை செய்கிறது என்று நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. அணைத்து, பிடுங்கி, ஐந்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பூஜ்யத்துக்கு அருகில் வந்த பிறகுதான் தொடவேண்டும். ஓடும்போது அளக்கவேண்டியிருந்தால் ஒரு கை வேட்டி மடிப்பில் இருக்கவேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். மூடியைக் கழற்றும் நாளில் பேரன் அந்த அறைக்கே வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

எல்லாம் கட்டி முடித்து, ஸ்விட்ச் போடும் முன்னால் செய்யவேண்டிய சோதனைகள் என்று புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. முதல் சோதனை: பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஆம்ப்ளிஃபையரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். அளந்தேன். 0.3. டிக் அடித்தேன்.

அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியவன், பழைய பழக்கத்தால் நின்றேன். எந்த வங்கிக் கணக்கையும் நம் புத்தகத்தை மட்டும் பார்த்து முடிக்கமாட்டோம். எதிர்ப்பக்கத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கவேண்டும். ரீகன்சிலியேஷன் என்பது அதுதான். என் எர்த் பின் சரி. சுவரில் அது போய்ச் சேரும் ஓட்டை?

ஹால் சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். 90 வந்தது, அடுத்த நிமிஷம் 70, பிறகு 104. ஒரு இடத்தில் நிற்கவில்லை. சமையலறை, பெட்ரூம், பாத்ரூம் கீசர் சாக்கெட், எங்கே வைத்தாலும் இதே ஆட்டம். எர்த் என்று சுவரில் ஓட்டை இருக்கிறது, கம்பியும் இருக்கிறது. அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்தரத்தில் தொங்குகிறது.

(ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்று ராத்திரி ஸ்குரூடிரைவரோடு சாக்கெட் முன்னால் உட்காரவேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

மறுநாள் நம் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். மீட்டரை அவர் நம்பவில்லை. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். எர்த் உயிரோடு இருந்தால் என்ன ஆகவேண்டும்? பல்பு எரிய முயலும், அந்தக் கரண்ட் எர்த்துக்குப் போவதைப் பார்த்து ஆர்.சி.சி.பி. உடனே விழவேண்டும். பல்பும் எரியவில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை. "சார், உங்க வீட்டுல எர்த்தே இல்ல" என்றார்.

கீழே மீட்டர் ரூமுக்குப் போனோம். பி பிளாக்கில் எங்கள் வரிசைக்கு மேலே போகும் எர்த் கம்பி, பட்டையிலிருந்து கழன்று, முனையில் பெயிண்ட் பூசிக்கொண்டு, சும்மா நின்றது. ஸ்குரூ பக்கத்திலேயே கிடந்தது. பெயிண்ட் அதன்மேல் இருந்ததால் கடைசி வெள்ளையடிப்புக்கு முன்னாலேயே கழன்றிருக்கிறது என்று தெரிகிறது. எப்போது, யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வரிசையில் நான்கு மாடி. நான்கு வீட்டிலும் கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர்.

இரண்டாம் மாடி அம்மா இங்கே இருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். இரண்டு வருஷமாக வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் வந்து பார்த்து, மெஷின் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் உண்மைதான். இந்த மாதிரி மெஷின்களில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருந்து துளி கரண்ட் எர்த் கம்பி வழியாகப் போகும்படி அமைத்திருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அந்தத் துளிக்குப் போக்கிடம் இல்லை. மெஷின் உடம்பிலேயே நிற்கும், தொடுகிறவர் வழியாக இறங்கும். அது துளி என்பதால் சுறுசுறுப்போடு போயிற்று. கீசர் காயில் உள்ளே ஓட்டை விழுந்திருந்தால்? ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, விழும். ஆனால் எர்த் இருந்தால் பழுது வந்த அந்த நொடியே விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அந்த வீட்டில் எல்லோரும் அந்த அம்மாவிடம் "ஈரக் கையோட தொடாதே, செருப்புப் போட்டுக்கோ" என்றார்கள். நானும்தான் ஒருநாள் படியில் அப்படிச் சொன்னேன். அதற்கு இந்த மைக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பியைச் சுரண்டி, புது லக் போட்டு, ஸ்குரூவை முடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. இப்போது பல்பை வைத்தால் ஆர்.சி.சி.பி. டப் என்று விழுகிறது. ஏ பிளாக்கிலும் சி பிளாக்கிலும் இன்னும் யாரும் பார்க்கவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவின தேதிக்குக் காலம் இருக்கிறது, லிஃப்ட் சர்வீசுக்கு இருக்கிறது, ஜெனரேட்டர் டீசலுக்கு இருக்கிறது. எர்த்துக்கு இல்லை. எர்த் குழிகளின் ரெசிஸ்டன்ஸை வருஷத்துக்கு ஒருமுறை அளந்து எழுதவும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வீட்டில் சோதித்துப் பார்க்கவும் ஒரு காலம் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார். இத்தனை பேர் முன்னால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் அவருக்கும் புரியும்.

சரி, ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். முதல் தடவை நேராக ஸ்விட்ச் போடாமல், பழைய ரிப்பேர்க்காரர்கள் செய்கிறமாதிரி வரிசையில் ஒரு குண்டு பல்பை இணைத்துப் போட்டேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், சாமான் தப்பிக்கும். பல்பு மின்னி மங்கியது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. பாட்டு வந்தது. இடது பக்கம் நன்றாக, வலது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து.

ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், வயரை மாற்றினேன், ஈ.எல்.84 இரண்டையும் இடம் மாற்றினேன். (ஒவ்வொரு தடவையும் அணைத்து, காத்திருந்து. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.) வலது வலதாகவே இருந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை. சாமான் ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறையவில்லை, பட்டியலில் எல்லா டிக்கும் இருக்கிறது. பிறகு எங்கே தப்பு?

மூன்றாம் நாள் வோல்டேஜ் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையாக அளந்தேன். ஈ.எல்.84 கேத்தோடு, இடது 7.2, வலது 7.3. சரி. 12 ஏ.எக்ஸ்.7 பிளேட், புத்தகத்தில் 160. இடது 158. வலது 236. அங்கே போடவேண்டிய 1,00,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 10,000 ஓம் இருந்தது. அந்த 1,00,000 ஓம், 10,000 ஓம் இருக்கவேண்டிய இன்னொரு இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டதால் டிரயல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது. பி.காம். இரண்டாம் வருஷத்தில் இதைத் தனிப் பாடமாகப் படித்தவன் நான்.

ரெசிஸ்டரில் எண் எழுதியிருக்காது, வண்ணக் கோடுகள்தான். 10,000 என்றால் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 1,00,000 என்றால் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். மாட்டும் முன்னால் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்திருக்கவேண்டும். கண் போதும் என்று நினைத்தேன். வவுச்சரைப் பார்க்காமல் பாஸ் பண்ணினேன். கழற்றி எடுத்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. ஒன்றாவது படிக்கும் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஆரஞ்ச், இது எல்லோ. தாத்தா, உனக்குக் கலர் தெரியாதா?" என்றான்.

என் மனைவி ஒரு வருஷமாக, கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஸ்கூட்டர் ஓட்டும்போது எதிர் விளக்கு கூசுகிறது என்று நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, பேரனைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுவிடுவதையும் நிறுத்தவில்லை. அந்த வாரமே போனேன். இரண்டு கண்ணிலும் புரை. இரண்டும் ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று, எங்கள் ஹால் திரை நீலம் என்று தெரிந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்து அதனோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்.

சத்தம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அளந்து பார்த்தால் உங்கள் வீட்டு டி.வி.க்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் ஆம்ப்ளிஃபையர் இதைவிடச் சுத்தமாக இருக்கலாம். வால்வு ஒலிக்குத் தன் பங்காகக் கொஞ்சம் கலப்படம் செய்கிறது. அந்தக் கலப்படம் காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவே. அதோடு, போனில் ஒரு சோதனை வைத்துப் பார்த்ததில் எனக்கு 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை. பேரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆகவே ஒலித் தரம் பற்றிச் சான்றிதழ் கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. நாகஸ்வரம் போட்டால் மாயவரத்துக் கூடம் ஞாபகம் வருகிறது. அது வால்வினாலா, வயசினாலா, தெரியவில்லை.

யாராவது கட்டிப் பார்க்க விரும்பினால் பி பிளாக்குக்கு வாருங்கள், சால்டரிங் அயர்ன் தருகிறேன். முதலில் உங்கள் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். துணியை எடுக்கிறேன். இந்த ஹால் சாக்கெட்டை மத்தியானமே எலக்ட்ரீஷியன் தம்பி சோதித்துவிட்டார், எர்த் இருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் அணையுங்கள், வால்வு சிவப்பது தெரியும். ஸ்விட்ச் போட்டுவிட்டேன். அரை நிமிஷம் ஒன்றும் கேட்காது. யாரும் பேசாதீர்கள்.